யாருடைய வீட்டில் விருந்தினர்?

பசுமலையின் மேல் ஆங்கிலேயர் காலத்துப் பங்களா ஒன்று இருப்பதை மதுரைவாசிகள் அறிவர். பஞ்சாலை நிருவாகத்தைச் சேர்ந்த வெள்ளையர் ஒரு காலத்தில் வாழ்ந்த அவ்விடம் இன்று விருந்தினர் விடுதியாகச் செப்பனிடப்பட்டுப் பொலிவுடன் விளங்குகிறது. அதன் புல்வெளியில் நின்று நோக்கினால் மீனாட்சியம்மன் கோயிற் கோபுரங்கள் தொலைவில் தெரியும், திருப்பரங்குன்றம் தெரியும், கீழே சமவெளியில், ஆலைத் தொழிலாளர்க்கென அமைந்த ஹார்விபட்டியும் தெரியும். நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, பெற்றோரின் திருமணப் பொன்விழாவை முன்னிட்டுச் சென்ற ஆண்டு அங்கே மாலை விருந்தொன்று அளித்தது. நாமும் அழைக்கப்பட்டிருந்தோம்.

அக்குடும்பத்தின் இளைய மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலே சுரங்கப் பொறியாளராகப் பணியாற்றுபவர். விடுமுறையில் மனைவி மக்களோடு தாம் தங்கிவந்த பழைய தங்கச் சுரங்கம் ஒன்றைப் பற்றி அவர் மேசையில் ஆர்வத்தோடு விவரித்துக்கொண்டிருந்தார்; கைப்பேசியில் இருந்த படங்களும் கைமாறி வந்தன. செம்மண் பாலை, இரும்புத் தகட்டுக் குடிசைகள், அகன்ற தாழ்வாரத்தோடு கூடிய அழகிய மாளிகை, அதில் வெண்விரிப்பிட்ட கட்டில். யாவரும் வியந்தனர். மேசையின் கோடியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ மேனேஜர் வீட்டிலே படுத்தியா, லைன் வீட்டிலே படுத்தியா தம்பி?"

"மேனேஜர் வீட்டிலதான் பெரியப்பா. லைன் வீடெல்லாம் சும்மா பார்க்கத்தான் வெச்சிருக்காங்க."

பெரியவர் மேலும் ஒன்றும் கூறவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் கிண்ணத்தில் உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிரீமைக் கவனிக்கலானார். அவரும், பொன்விழாக் கண்ட அவர் தம்பியும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள் என்பதும், அவர்தம் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர் என்பதும் நமக்கு முன்பே தெரியும். ஆகவே அவ்வினா விளையாட்டாகக் கேட்கப்பட்டதன்று என்பதையும் உணர்ந்தோம். அன்றுமுதல் அது நம்மோடு இருந்துவருகிறது. பிறர் வருந்தி உழைத்த இடத்தில் நாம் விருந்தினராய் இளைப்பாறலாமா? இளைப்பாறலாம் எனில், எந்நிலையில்?

முதலில் அந்த ஆஸ்திரேலியச் சுரங்கத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பரப்பில், கல்கூர்லி நகருக்கு வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் லியோனோரா என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்திருப்பது குவாலியா. 1896-இல் அங்கே பொன் கண்டறியப்பட்டது. வேல்ஸ் நாட்டவர் பொருளுதவி செய்தமையால் அந்நாட்டின் பழம்பெயரே சுரங்கத்தின் பெயராயிற்று. 1898-இல் அதன் மேலாளராக வந்தமர்ந்தவர் ஹெர்பர்ட் ஹூவர் என்னும் இருபத்து மூன்று வயது அமெரிக்க இளைஞர். 1929 முதல் 1933 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தவர் இவரே. வேலை நேரத்தை நீட்டியும், குறைந்த கூலிக்கு இத்தாலியரை அமர்த்தியும் செலவைச் சுருக்கியவர் என்று அவர் பெயர் பெற்றார். மேலாளருக்கென எழுந்த மாளிகை முற்றுப்பெறும் முன்னரே அவர் சென்றுவிட்டபோதிலும், அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1963 டிசம்பரில் சுரங்கம் மூடப்பட்டது. சில வாரங்களில் ஊரே காலியாயிற்று. மண்ணிலிருந்து அதுவரை எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ எண்பது டன். 1970-களில் ஊர் அருங்காட்சியகமாக உருப்பெற்றது. தகரமும் சாக்குத்துணியும் கொண்டு தொழிலாளர் கட்டிய குடிசைகள் சீர்செய்து காட்சிக்கு வைக்கப்பட்டன. மேலாளர் மாளிகை, கட்டணம் செலுத்தித் தங்குவோர்க்குத் திறந்துவிடப்பட்டது. நம் இளைஞர் தங்கியது அங்கேதான்.

இதில் குறைகூற என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உண்மையில், தொழிலாளர் குடிசைகளையும் பேணிக் காப்பாற்றினார்களே என்று பாராட்டவும் வேண்டும். எத்தனையோ இடங்களில் அவையே முதலில் இடிக்கப்படுகின்றன. அதுமட்டுமன்று, லைன் வீட்டில் பிறந்தவரின் மகன் மேலாளரின் அறையில் நிம்மதியாக உறங்கி எழுந்தான் என்பதில் நம் நெஞ்சம் சிறிது பெருமிதம் கொள்ளாமலும் இல்லை. எனினும் பெரியப்பாவின் முகம் நம் கண்முன் நிற்கிறது.

அவர் பிறந்த ஊரில் நாம் விருந்தினராய் இருந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. 2012-ஆம் ஆண்டு அக்டோபரில், நவநாள் மறையுரைகளுக்காகக் கோலார் தங்கவயலுக்குச் சென்றிருந்தோம். முதலிரவு, அதிகாரிகள் வாழ்ந்த பழைய பங்களா ஒன்றில் நமக்கு அறை ஏற்பாடாகியிருந்தது. உயர்ந்த கூரை, மரத்தளம், சுவரில் குளிர்காயும் அடுப்பு, தோட்டத்தில் முதிர்ந்த மரங்கள். 'சின்ன இங்கிலாந்து' என்று அவ்வூர் அழைக்கப்பட்டது ஏன் என்பது அங்கே விளங்கியது. நன்றாகவே உறங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் திருப்பலிக்குப்பின் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் வந்து, "தோத்திரம் சாமி. இன்னிக்கு ராத்திரி நம்ம வீட்டிலே தங்கணும்" என்றார். வேண்டுகோளைவிட ஆணையைப் போன்றிருந்தது அது. சென்றோம். வரிசை வீடுகளில் ஒன்று. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் பிற்காலத்தில் இழுத்துக் கட்டிய தகரத் திண்ணை. வீட்டிலிருந்த ஒரே கட்டில் நமக்கு. அவரும் அவர் மனைவியாரும் பாய் விரித்துத் தரையில் படுத்தனர். எவ்வளவு மறுத்தும் பயனில்லை. கோழிக்குழம்பு வைத்திருந்தார்கள். அதற்காக எதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று வினவும் துணிவு நமக்கு வரவில்லை. கடும் இருமல் அவருக்கு. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் அந்நோய் அவ்வூரில் வீடுதோறும் அறியப்பட்டதே.

இரவு அவர் பேசினார். தளும்பாத குரல். கூண்டில் நெருக்கி நின்று இறங்குவதை, காது அடைப்பதை, கீழே செல்லச்செல்ல வெப்பம் மிகுவதைச் சொன்னார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாழத்தில் பாறையே கொதிப்பாக இருக்கும். குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தாமல் மனிதர் நிற்க இயலாது. தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றிலும் மலையின் பாரம் அழுத்த, பாறை திடீரென வெடித்துச் சிதறும். 'ஏர்பிளாஸ்டு' என்பார்கள் அவ்வூரார். மேலே வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். பெண்கள் எதையும் கேட்காமல் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவார்களாம். "ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்தா பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருக்கும். நான் எழுந்திரிக்கிறப்போ திரும்ப வேலைக்கு நேரமாயிடும். என் வீட்டுக்கு நானே விருந்தாளி மாதிரிதான் சாமி வந்துபோனேன்" என்றார். அவ்வீடு அப்போதும் அவர் பெயரில் இல்லை என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த வீடு அது.

அன்றிரவு நம்மை வரவேற்றவர் யார் என்று பின்னாளில் பலமுறை எண்ணியதுண்டு. சட்டத்தின் கண்ணில் அவ்வீடு அவருடையதன்று. ஆனால் வாயிற்படியில் நின்று "வாங்க சாமி" என்று அழைக்கும் உரிமை அவருக்கே இருந்தது. பங்களாவிலோ சாவியைக் கொடுத்தார்கள், அழைத்தவர் எவருமில்லை. முதலிரவு நாம் தங்கினோம். இரண்டாம் இரவுதான் விருந்தினரானோம்.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை நன்கறியும். 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது தொன்மையான பொருள். தொல்காப்பியரும் அப்பொருளில் அதனை ஆள்கிறார். வீட்டிற்குப் புதியவராய் வருபவர் விருந்து. அவரை முகம்மலர்ந்து எதிர்கொள்பவர் இல்லாதவரை அவர் வெறும் வழிப்போக்கரே. வள்ளுவர் விருந்தோம்பலைத் துறவறத்தில் வைக்காமல் இல்லறத்தில் வைத்தார். அதாவது, விருந்துக்கு இல்லம் வேண்டும். இல்லத்துக்கு உரியவர் வேண்டும். உரியவர் எல்லாரும் வெளியேறிய பின், அவர்தம் குடிசையைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்ப்பவனை என்ன பெயரால் அழைப்பது? நல்லெண்ணம் கொண்ட பார்வையாளன் என்போம். அதற்குமேல் சொல்ல இயலவில்லை.

தங்கவயலின் வரலாற்றையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். மைக்கேல் லவேல் என்னும் அயர்லாந்துப் படைவீரர் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தேடத் தொடங்கினார். 1880-இல் ஜான் டெய்லர் குழுமம் பொறுப்பேற்றபின் சுரங்கம் செழித்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு தூரம் கம்பி இழுத்து அவ்வூருக்கு மின்சாரம் கொணர்ந்தார்கள். பெங்களூருக்கே அப்போது மின்விளக்கில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்த ஏழை மக்கள் பாறையைக் குடைந்தனர். அவருட் பெரும்பாலோர் ஊரில் சாதிக் கொடுமைக்கு ஆளானவர்கள். வயலில் குனிந்து நிற்பதைவிடச் சுரங்கத்தில் நிமிர்ந்து சாவது மேல் என்று வந்தார்கள் போலும். 1930-ஆம் ஆண்டில், திருட்டைத் தடுப்பதென்ற பெயரால் அனைவரும் கைரேகை பதிக்க வேண்டுமென்று ஆணை பிறந்தபோது அவர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து அதனைத் தடுத்தார்கள். கூலிக்காக அல்ல, மானத்துக்காக நிகழ்ந்த நிறுத்தம் அது. விடுதியில் விருந்தினர் பதிவேட்டைத் திறந்து நம்மிடம் பணிவோடு நீட்டும்போதெல்லாம் அந்த மூன்று வாரங்கள் நம் நினைவில் குறுக்கிடுகின்றன.

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று; 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அனைத்தும் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் வெளிவந்த பொன் எண்ணூறு டன் அளவிலானது. குவாலியாவைப்போல் ஊர் காலியாகவில்லை என்பதே தங்கவயலின் சிறப்பும் துன்பமும். மக்கள் அங்கேயே இருக்கிறார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். சையனைடு கழிவுமண் மலைகள் அப்படியே நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அவற்றின் தூசு சோற்றுத் தட்டில் விழுகிறது. அம்மேடுகளில் எஞ்சிய பொன்னை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கருநாடக அரசு இசைவளித்தது. சுற்றுலா வரவேண்டும் என்னும் பேச்சும் அவ்வப்போது எழுகிறது. வந்தால், எந்த வீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்பார்கள் என்பதை ஊகிக்க நம் பெரியப்பாவைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

இங்கே நற்செய்தியின் ஒரு வீடு நம்மை வழிமறிக்கிறது. எரிக்கோ நகரில் சக்கேயுவின் வீடு. அது எவ்வாறு கட்டப்பட்டதென்பது ஊரறிந்த செய்தி. ஏழைகளிடம் மிகையாகப் பிடுங்கிய வரிப்பணம் அதன் ஒவ்வொரு கல்லிலும் இருந்தது. அவ்வீட்டில் தங்கவேண்டுமென்று ஆண்டவர் தாமாகவே கேட்டுச் செல்கிறார். ஊரார் முணுமுணுத்தார்கள். நம் பெரியப்பா அங்கிருந்திருந்தால் அவரும் முணுமுணுத்திருப்பார். நாமும் ஒருவேளை அவ்வாறே. ஆகவே, அநீதியால் எழுந்த கூரையின்கீழ் விருந்துண்பதே பாவம் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஆனால் அவ்விருந்தின் நடுவே நிகழ்ந்தது என்ன? வீட்டுக்காரன் எழுந்து நின்று கணக்குப் பார்க்கிறான். உடைமையிற் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு. விருந்தினர் வந்தமர்ந்ததால் பழைய கணக்கேடு திறந்தது. எந்தக் கடிந்துரையையும் லூக்கா குறிப்பிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வந்தவரின் வரவே போதுமானதாயிற்று.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது 'ரெஸ்டிடூசியோ' என்னும் இலத்தீன் சொல்லோடு நாம் மிகவும் போராடியதுண்டு. புனித தாமஸ் அக்குவினாஸ் நீதியைப் பற்றி எழுதுமிடத்தில் இதனைத் தனியே ஆராய்கிறார். பழைய நிலைக்கு மீளச்செய்தல் என்பதும், எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தல் என்பதும் அவ்வொரு சொல்லிலேயே அடங்கும். பாவசங்கீர்த்தனத்தில் அமரும் ஒவ்வொரு குருவும் அதன் இரண்டாம் பொருளை அறிவார்: திருடிய கோழியைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு மட்டும் கேட்பது செல்லாது. இன்று பழைய மாளிகைகளையும் சுரங்கங்களையும் ஆலைகளையும் புதுப்பிப்போர் முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓடு மாற்றப்படுகிறது, தேக்குக்கு மெருகேற்றப்படுகிறது, கொடிகள் படரவிடப்படுகின்றன. திருப்பிக் கொடுக்கவேண்டியதைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரு கட்டடத்தை முன்போலவே ஆக்கிவிட்டால், அதனோடு அந்தப் பழைய ஏற்பாடும் அல்லவா முன்போலவே நின்றுவிடுகிறது? மேலே கட்டில், கீழே லைன்.

இதை எழுதும்போது நம் கைகளும் தூயவை அல்ல என்பதை உணர்கிறோம். பொன்விழா விருந்தில் நாமும் உண்டோம், சுவையாகவே இருந்தது. ஒவ்வொரு நாளும் பீடத்தில் நாம் உயர்த்தும் கிண்ணத்தின் உட்புறம் பொன்முலாம் பூசப்பட்டது. திருவழிபாட்டு ஒழுங்கும் அதனை வேண்டுகிறது. அப்பொன் எந்த ஆழத்திலிருந்து எவர் மூச்சைக் கொடுத்து வந்தது என்று கேட்க எந்த ஏடும் இல்லை. நம் பங்கில் மந்திரித்துக் கொடுக்கும் தாலிகளிலும் தங்கவயலின் துகள் இருக்கக்கூடும். உருக்கி உருக்கிச் செய்யப்படுவதில் எதை எது என்று பிரிப்பது! பொன்னை வெறுத்து ஒதுங்குவதால் தீர்வதன்று இது. சுற்றுலா வேண்டாமென்று தடுப்பதாலும் தீராது. தங்கவயலின் பிள்ளைகள் நாள்தோறும் பல மணி நேரம் இரயிலில் நிற்பதைவிட ஊரிலேயே வேலை பார்ப்பது எத்துணையோ நல்லது. பழைய துயரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கண்ணீர் சிந்துவதும் ஒருவகை இன்பமே. அதில் அறம் ஒன்றும் இல்லை.

நாம் கேட்பது சிறியது. அங்கே விருந்தினர் வரட்டும். ஆனால் வரவேற்பவர்கள் அவ்வூரின் மக்களாக இருக்கட்டும். வழிகாட்டுபவர் கூண்டில் இறங்கியவராகவோ அவர் மகளாகவோ இருக்கட்டும். வருவாய் அவர்தம் கையைச் சேரட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அழைப்பவரின் வீடு அவர் பெயரில் இருக்கட்டும். லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரம் இதனை வேறோர் உயரத்திலிருந்து பார்க்கிறது. நிலம் ஆண்டவருடையது, மனிதர் அனைவரும் அவரிடம் தங்கியிருக்கும் அந்நியரும் விருந்தினருமே என்று சொல்லும் அதே அதிகாரந்தான், யூபிலி ஆண்டில் ஒவ்வொருவனும் தன் காணிக்குத் திரும்பவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. நாமெல்லாம் விருந்தினரே என்று மேலாளர் மாளிகையில் அமர்ந்து சொல்வது எளிது. ஆனால் அவ்வதிகாரத்தில் அது காணியைத் திருப்பிக் கொடுப்பதற்கான காரணமாகவே சொல்லப்படுகிறது. 2025-ஐ யூபிலி ஆண்டாகத் திருச்சபை கொண்டாடியபோது, நம் மறையுரைகளில் எத்தனையில் காணி என்னும் சொல் இடம்பெற்றது என்று எண்ணிப் பார்க்கிறோம். நம்முடையவற்றில் ஒன்றிலும் இல்லை.

சென்ற மாதம் பெர்த்திலிருந்து அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த விடுமுறையில் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு தங்கவயலுக்குப் போக விரும்புவதாகவும், தங்குவதற்கு நல்ல பங்களா ஏதேனும் உண்டா என்றும் கேட்டார். சற்று நிறுத்திவிட்டு, "இல்லாட்டி நீங்க தங்கின அந்த லைன் வீடு இன்னும் இருக்கா ஃபாதர்?" என்றார். வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் 2019-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் மனைவியார் மட்டும் இருக்கிறார். அவருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். பெரியப்பாவின் தந்தை எந்தச் சுரங்கத்தில், எந்த லைனில் இருந்தவர் என்று விசாரித்தார். பெயரைச் சொன்னதும் தெரியாது என்றார். ஆனால் அந்த லைனில் தமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்களாம், கேட்டு வைப்பாராம். பிறகு, "எத்தனை பேர் வர்றாங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லச் சொல்லுங்க சாமி, பாய் பத்தாது, வாங்கி வைக்கணும்" என்றார்.